இரட்டைத் தொட்டியின் ஜாதகம்

பழைய ட்வின் டப் வாஷிங் மெஷின் ஒன்று எங்கோ ஒரு ஊரில், கார் ஷெட்டில் தூசி படிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், வேன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். பேரம் பேசி வாங்கி வருவார்கள். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார்கள். இற்றுப்போன ரப்பரை மாற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி பூட்டி, கடைசியில் நாலு சட்டையைப் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க நண்பர்களையும் கூப்பிடுவார்கள்.

இதைப் பரமக்குடியிலோ பழனியிலோ இருக்கும் ஒருவரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதும் அதே வகை இயந்திரம்தான். இடது பக்கம் துவைக்க ஒரு தொட்டி, வலது பக்கம் பிழிய ஒரு சின்ன டிரம். கடையில் செமி ஆட்டோமேட்டிக் என்று விற்கிறார்கள், வீட்டில் மெஷின் என்றால் தீர்ந்தது. நேற்றுக் காலையில்கூட அதில் வேட்டி துவைத்திருப்பார்.

அங்கே பழம்பொருளாகிவிட்ட இயந்திரம் இங்கே இன்றும் தள்ளுபடி விலையில் புத்தம் புதிதாகக் கிடைக்கிறது. இரண்டும் தற்செயலாக ஒரே மாதிரி இருப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே வம்சம். தெற்கு வேல்ஸில் பிறந்து, ஜப்பானில் வளர்ந்து, நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பம். சேகரிப்பாளர்களின் பித்துக்கு என்ன காரணம் என்று தேடிப் போனால் அந்தக் குடும்ப வரலாறுதான் கையில் கிடைக்கிறது.

எதற்கு இரண்டு தொட்டி?

துணி துவைப்பதில் உடம்பை வருத்துவது அடித்துத் துவைப்பது என்று நினைப்போம். ஈரக் கம்பளிப் போர்வையையோ கட்டில் விரிப்பையோ ஒரு முறை தனியாளாகப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மணிக்கட்டைக் கழற்றும் வேலை எது என்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதலில் வந்த மின்சாரத் துவைப்பு இயந்திரங்கள் துவைத்துக் கொடுத்தன, பிழியவில்லை. தொட்டிக்கு மேலே இரண்டு உருளைகள் இருக்கும். நம் ஊர் கரும்புச்சாறு வண்டியைப் போலக் கைப்பிடியைச் சுற்றி, ஈரத்துணியை நடுவில் கொடுத்து இழுக்க வேண்டும். பித்தான்கள் உடைந்தன. மோட்டார் வைத்த உருளைகள் வந்தபோது துணியோடு விரலும் உள்ளே போனது.

உருளையை விட்டுவிட்டுச் சுழற்றிப் பிழியலாம் என்ற யோசனை அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் இருந்த ஈஸி என்ற நிறுவனம் துவைக்கத் தனி, சுழற்றத் தனி என்று இரண்டு தொட்டி வைத்த இயந்திரத்தை விற்றது. ஆனால் அமெரிக்கர்களின் மனம் சீக்கிரமே ஒரே தொட்டியில் எல்லாம் செய்யும் ஆட்டோமேட்டிக் பக்கம் போய்விட்டது. இரட்டைத் தொட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது பிரிட்டன்தான்.

காரணம் எளிது. ஆட்டோமேட்டிக்குக்குக் குழாய் இணைப்பு வேண்டும், கழிவுநீர் போக நிரந்தர வழி வேண்டும், தரையில் அசையாமல் நிற்க இடம் வேண்டும். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வீடுகளின் சின்னச் சமையலறையில் இந்த மூன்றும் கிடையாது. சக்கரம் வைத்த ட்வின் டப்பைத் தேவைப்படும்போது பாத்திரம் கழுவும் தொட்டி வரை உருட்டி வரலாம். சமையலறைக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டித் தண்ணீர் பிடிக்கலாம். வேலை முடிந்ததும் இன்னொரு டியூபை அதே தொட்டியில் தொங்கவிட்டு அழுக்குத் தண்ணீரை இறக்கிவிட்டு, மூலைக்குத் தள்ளி, மூடியை மூடினால் அதுவே சாமான் வைக்கும் மேடை.

இரும்பு ஊரில் ஒரு தொழிற்சாலை

தெற்கு வேல்ஸின் மெர்த்தர் டிட்வில் ஒரு காலத்தில் உலகத்துக்கே இரும்பு வார்த்த ஊர். 1804இல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் தண்டவாளத்தில் நீராவி என்ஜினை முதன்முதலாக ஓட்டிக் காட்டியது இங்கிருந்த பெனிடேரன் இரும்பாலையில்தான். அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, 1930களில் ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. போர் முடிந்ததும் புதுத் தொழிற்சாலைகளை இப்படி நொடித்துப்போன பகுதிகளுக்குத் திருப்பிவிடுவது அரசின் கொள்கையானது. அந்த அலையில் வந்ததுதான் ஹூவர். மேற்கு லண்டனின் பெரிவேலில் வெள்ளை வெளேரென்று மாளிகை மாதிரி ஆலை கட்டி வாக்யூம் கிளீனர் செய்துகொண்டிருந்த நிறுவனம், வாஷிங் மெஷினுக்காக 1948இல் மெர்த்தருக்கு வந்தது.

அங்கே செய்த முதல் இயந்திரம் ஒற்றைத் தொட்டி. மேலே கையால் சுற்றும் உருளை. இடுப்புயரம்கூட இராது. ஆனால் உள்ளே ஒரு புதுமை இருந்தது. அதுவரை பெரும்பாலான இயந்திரங்களில் தொட்டியின் நடுவே நிற்கும் தண்டு, துடுப்புகளோடு இப்படியும் அப்படியும் திரும்பித் துணியைப் புரட்டும். அதற்குப் பற்சக்கரப் பெட்டி வேண்டும். விலையும் எடையும் கூடும். ஹூவர் அதை விட்டுவிட்டு, தொட்டியின் பக்கச்சுவரில் வரிவரியாகப் புடைப்பு வைத்த தட்டு ஒன்றைப் பதித்தது. மோட்டாரில் பெல்ட், பெல்ட்டில் தட்டு. தட்டு ஒரே திசையில் வேகமாகச் சுழல, தண்ணீர் சுழித்துக்கொண்டு துணியையும் இழுத்துக்கொண்டு போகும். பல்சேட்டர் என்பது இதுதான். பருத்தித் துணிக்கு நான்கு நிமிடம் போதும் என்பது ஹூவரின் கணக்கு. அது பொய்யில்லை. ஆனால் நான்கு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் சட்டைக் கைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்.

1957இல் அதே தட்டுக்குப் பக்கத்தில் சுழற்றும் டிரம்மையும் வைத்து ஹூவர்மேட்டிக் வந்தது. பிரிட்டனில் ட்வின் டப் என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது இந்தப் பெயர்தான். 1970களில் மெர்த்தர் ஆலையில் ஏறத்தாழ 5,000 பேர் வேலை பார்த்தார்கள். ஒரு துணைக்கதை: 1985இல் பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் கிளைவ் சின்க்ளேர் மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைப் பெரிய ஆரவாரத்தோடு விட்டாரே, சி5, அதைப் பூட்டித் தந்ததும் இந்த ஆலைதான். வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து ஓட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் கேலி. அது உண்மையில்லை. ஆனால் கேலி நிலைத்துவிட்டது, வண்டி நிலைக்கவில்லை.

போட்டிக்கு ஹாட்பாயிண்ட் இருந்தது. வேல்ஸின் வடகோடியில் லாண்டட்னோ ஜங்ஷனில் அவர்களுக்கு ஆலை. அவர்கள் பல்சேட்டர் பக்கம் போகாமல் நடுத்தண்டையே பிடித்துக்கொண்டார்கள். நேரம் அதிகம் எடுக்கும், துணி முறுக்காது. இங்கிலாந்தின் டார்லஸ்டனிலிருந்து செர்விஸ் என்ற நிறுவனமும் வந்தது. சேகரிப்பாளர்களிடையே ஹூவர் கட்சி, ஹாட்பாயிண்ட் கட்சி என்று இரண்டு உண்டு; சமாதானம் கிடையாது. என் ஓட்டைக் கேட்டால் துணிக்கு ஹாட்பாயிண்ட், பார்ப்பதற்கு ஹூவர்.

திங்கட்கிழமை

அந்தக் காலப் பிரிட்டனில் திங்கட்கிழமை துவைக்கும் நாள். ஞாயிறு குளித்து, மாற்றி, கோயிலுக்குப் போய்வந்த துணி மறுநாள் மலையாகக் கிடக்கும். ட்வின் டப் வைத்திருந்த பெண்ணின் வேலை எப்படிப் போகும் என்று பார்த்தால்தான் இந்த இயந்திரத்தின் அருமை புரியும்.

தொட்டியில் ஒரே ஒரு முறை தண்ணீர் நிரப்புவார். அடியில் ஹீட்டர் உண்டு. கொதிக்கும் நிலையை நெருங்கும்வரை விட்டு, தூளைப் போட்டு, முதலில் வெள்ளைத் துணி. விரிப்பு, தலையணை உறை, கணவரின் சட்டை. ஆவி பறக்கும் தண்ணீரில் கையை விட முடியாது. அதற்காக நீளமான மர இடுக்கி ஒன்று இருக்கும். அதால் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கி, சொட்டச் சொட்டப் பக்கத்து டிரம்மில் போட்டுச் சுழற்றுவார். அங்கே பிழிந்து வரும் சோப்புத் தண்ணீரை இயந்திரமே திரும்பத் துவைக்கும் தொட்டிக்குள் ஊற்றிவிடும். ஒரு சொட்டு வீணில்லை, சூடும் வீணில்லை.

அதற்குள் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போது சாயத்துணி. அது முடிந்ததும் இன்னும் ஆறிய, இன்னும் கலங்கிய அதே தண்ணீரில் கணவரின் வேலை உடுப்பு, கடைசியில் தரை துடைக்கும் துணி. சாயத்துணி துவையும்போது முன்னால் துவைத்த வெள்ளை டிரம்மில் அலசப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டு தொட்டியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு வாரத் துணி கொடியில்.

இன்றைய ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு சுமைக்கும் புதுத் தண்ணீர் எடுக்கிறது. ஒரு சுமைக்கே ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஓடுகிறது. ஆனால் அத்தனை நேரமும் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. ட்வின் டப்புக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும், முழுக் காலைப் பொழுதும். அந்த ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சேகரிப்பாளர்களில் பலர் ஆண்கள் என்பதையும், அவர்கள் திங்கட்கிழமை முழுவதும் துவைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

பாதி விலைக்காரர்

1958இல் பிரிட்டிஷ் அரசு தவணை முறை வாங்கலுக்கு இருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. அந்த நேரம் பார்த்து ஜான் ப்ளூம் என்ற இளைஞர் களத்தில் இறங்கினார். வயது முப்பதைக்கூட எட்டவில்லை. ஹாலந்திலிருந்து மலிவாக ட்வின் டப் வரவழைத்து, கடைகளை ஒதுக்கிவிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்து நேரடியாக வீட்டுக்கே விற்றார். பெரிய நிறுவனங்களின் விலையில் ஏறத்தாழ பாதி. பிறகு சவரக் கத்தி செய்துவந்த ரோல்ஸ் ரேசர் என்ற நிறுவனத்தைப் பிடித்து, அதன் பெயரில் வாஷிங் மெஷின் செய்யத் தொடங்கினார். விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பன் நிரப்பி அனுப்பினால் வீட்டுக்கு ஆள் வரும். வந்தவர் விளம்பரத்தில் இருந்த மலிவு மாடலைப் பற்றி அதிகம் பேசமாட்டார். விலை கூடிய மாடலைத்தான் காட்டுவார்.

சில ஆண்டுகளில் ப்ளூம் உல்லாசப் படகு வாங்கினார், பத்திரிகைகளின் செல்லப்பிள்ளையானார். பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. 1964 ஜூலையில் ரோல்ஸ் ரேசர் திவாலானது. பணம் போட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆனால் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் அதுவரை கையால் துவைத்துக்கொண்டிருந்த ஏராளமான தொழிலாளர் வீடுகளுக்குள் ட்வின் டப் நுழைந்துவிட்டிருந்தது. இன்று ரோல்ஸ் பெயர் தாங்கிய இயந்திரம் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளருக்கு அது இரண்டு மடங்கு மகிழ்ச்சி. இயந்திரமும் கிடைத்தது, கதையும் கிடைத்தது.

டிரம்முக்குள் நடப்பது

ஒரு ட்வின் டப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் துவைக்கும் தொட்டியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அங்கே பெரிய ரகசியம் இல்லை. சின்ன டிரம்தான் பொறியியல்.

பிரிட்டிஷ் இயந்திரங்களின் சுழல் டிரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றை ஒட்டி ஓடியது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டாரின் உச்சவரம்பு 3,000 சுற்று; சுமையோடு ஓடும்போது கொஞ்சம் பின்தங்கி 2,800 பக்கம் நிற்கும். மோட்டாரோடு டிரம்மை நேராக இணைத்துவிட்டால் அந்த வேகம் அப்படியே டிரம்முக்கு. நம் ஊர் செமி ஆட்டோமேட்டிக்கில் பொதுவாக இருப்பது நான்கு துருவ மோட்டார். உச்சவரம்பு 1,500, நடைமுறையில் 1,400க்கு முன்பின். விற்பனைச் சீட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கு இதுதான் மூலம்.

டிரம்மின் குறுக்களவு 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 2,800 சுற்றில் துணியிலுள்ள தண்ணீரின் மேல் புவியீர்ப்பைவிட ஏறக்குறைய 960 மடங்கு விசை வேலை செய்கிறது. நம்முடைய 1,400 சுற்றில் 240 மடங்கு. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். இன்றைய விலையுயர்ந்த ஃப்ரண்ட் லோட் இயந்திரம், 48 சென்டிமீட்டர் டிரம்மோடு அதே 1,400 சுற்றில் ஓடினால் 520 மடங்கைத் தொடும். அதாவது 1960களின் ஹூவர்மேட்டிக், பிழியும் வேலையில் இன்றைய ஃப்ரண்ட் லோடைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊரில் அது தேவைப்பட்டது. வெயில் காயும் ஊரில் 240 மடங்கே போதும் என்பது என் எண்ணம். மெதுவாகச் சுழன்றால் அதிர்வு குறையும், பிளாஸ்டிக் உடம்பும் தாங்கும்.

டிரம்மில் துணி போடுவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். அள்ளிப் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு துணியாகச் சுவரை ஒட்டி வட்டமாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். கனமான பேன்ட் ஒரு பக்கம், பனியன் மறு பக்கம் என்று விட்டால் ஆடும். எல்லாம் போட்ட பிறகு மேலே ஒரு ரப்பர் விரிப்பு அல்லது வட்டத் தட்டு. துணி மேலெழும்பி டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அது. எத்தனையோ வீடுகளில் அந்தத் தட்டு தொலைந்துபோயிருக்கும். அப்புறம் ஒரு நாள் கைக்குட்டை உள்ளே மாட்டி மோட்டார் உறுமும்போதுதான் தட்டின் அருமை தெரியும்.

ஸ்விட்சைத் திருப்பியதும் முதல் சில நொடிகள் இயந்திரமே நடனமாடும். புதிதாக வாங்கியவர்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கும் ரப்பருக்கும் என்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. சுழற்சி அந்த வேகத்தை எட்டும்போது ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டிவிட்டால், டிரம் தன் வட்டத்தின் மையத்தை விட்டு, உள்ளே இருக்கும் எடையின் மையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். சட்டென்று எல்லாம் அடங்கி ஒரே சீரான ரீங்காரம். பால் கடைந்து கொழுப்பைப் பிரிக்கும் சுழல் பொறியைச் செய்த ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லாவால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் நீராவிச் சுழலியில் பயன்படுத்திய தத்துவம் இது. வளையக்கூடிய தண்டை வைத்து, ஆபத்தான வேகத்தைத் தாண்டி அமைதிக்குப் போவது. ரப்பர் இறுகிப்போன பழைய மெஷின் வளைந்துகொடுக்க முடியாததால்தான் கடைசிவரை ஆடிக்கொண்டே இருக்கிறது.

மூடியைத் திறந்தால் மின்சாரம் நின்று பிரேக் பிடிக்க வேண்டும். ஓரிரு நொடிகளில் நிற்காவிட்டால் பிரேக் பட்டையோ அதை இழுக்கும் ஒயரோ போய்விட்டது என்று பொருள். 960 மடங்கு விசையில் சுழலும் டிரம்முக்குள் கை போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலத்து மருத்துவமனைகளே சாட்சி. பழசை வாங்குகிற யாரும் முதலில் சோதிக்க வேண்டியது இது. அழகெல்லாம் அப்புறம்.

ஒசாகா வழியாக

1950களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் சான்யோ நிறுவனத்தை நடத்திய தோஷியோ இயுயே, வாஷிங் மெஷின் செய்யத் தீர்மானித்தார். மாட்சுஷிதா மின்பொருள் நிறுவனத்தின் நிறுவனருக்கு மைத்துனர் அவர். வெளிநாட்டு இயந்திரங்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது, ஹூவரின் பக்கச்சுவர்த் தட்டு அவருக்குப் பிடித்துப்போனது. எளிமை, மலிவு, வேகம். 1953இல் சான்யோவின் இயந்திரம் 28,500 யென்னுக்கு வந்தது. நடுத்தண்டு வைத்த மற்ற இயந்திரங்களின் விலையில் ஏறக்குறைய பாதி. அந்த ஆண்டையே மின்மயத்தின் முதலாம் ஆண்டு என்று எழுதினார் எழுத்தாளர் சோய்ச்சி ஓயா. தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி, வாஷிங் மெஷின் மூன்றும் ஜப்பானிய வீடுகளின் மூன்று செல்வங்களாயின.

1960இல் சான்யோ இரட்டைத் தொட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அங்கிருந்து ஹூவரின் குழந்தை வேறு உருவம் எடுத்தது. தட்டு பக்கச்சுவரிலிருந்து அடிப்பகுதிக்கு இறங்கியது. ஜப்பானியர் குளிர்ந்த நீரில் துவைத்துப் பழகியவர்கள், ஹீட்டர் போய்விட்டது. ஹீட்டர் போனதும் இரும்புத் தொட்டி தேவையில்லை, பிளாஸ்டிக் போதும். எடை குறைந்தது. முறுக்கிக்கொள்ளும் தொல்லைக்கு, தட்டை ஒரு திசையில் சில நொடி, மறு திசையில் சில நொடி என்று மாற்றி ஓட்டினார்கள். பக்கத்து வீட்டில் மெஷின் ஓடும்போது கேட்கும் அந்த ஓடி, நின்று, மறுபடி ஓடும் சத்தம் இப்படி வந்தது. ஜப்பானில் இந்த வகை இன்றும் அடியோடு போய்விடவில்லை. முடிதிருத்தும் கடைகளிலும், பிள்ளைகளின் சேறு படிந்த விளையாட்டுச் சீருடை சேரும் வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1980களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் இந்திய நடுத்தர வீடுகளுக்கு வந்தது இந்த ஜப்பானிய உருவம்தான். வீடியோகான் தொலைக்காட்சி விளம்பரத்தால் ஊரெல்லாம் தெரிந்தது. பி.பி.எல். நேரடியாகச் சான்யோவோடு கைகோத்தது. மெஷினின் முகப்பில் இருந்த பி.பி.எல். சான்யோ என்ற இரட்டைப் பெயரைப் பார்த்த நினைவு பலருக்கு இருக்கும். மெர்த்தரில் தொடங்கிய வம்சாவளி நம் பின்கட்டு வரை நீள்வதற்கு அந்தப் பெயர்ப் பட்டையே அத்தாட்சி. புதுச்சேரிக்கு டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து வேர்ல்பூல் வந்ததும் அதே காலம்தான், ஆனால் அது அமெரிக்கக் கிளை, ஆட்டோமேட்டிக் வழி.

ட்வின் டப் இங்கே ஊன்றிக்கொண்டதற்குக் காரணமும் பிரிட்டனில் இருந்ததுதான். குழாய். மாடித் தொட்டியிலிருந்து அழுத்தமில்லாமல் சொட்டும் தண்ணீரில் ஆட்டோமேட்டிக் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். செமி ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு வாளி போதும். லாரித் தண்ணீர் குடங்களில் பிடித்து வைத்திருக்கும் கோடையில், சட்டை துவைத்த தண்ணீரிலேயே மிதியடியையும் துவைத்து, அதே தண்ணீரால் வாசலையும் கழுவிவிடுகிற வீடுகள் சென்னையில் உண்டு. திங்கட்கிழமைப் பெண்மணி பார்த்தால் தலையாட்டுவார். நம்மவர்கள் தங்கள் பங்குக்குக் காலர் தேய்க்க மூடியிலேயே வரிப்பலகை வைத்தார்கள். அடிவழியாக ஏறி ஒயரைக் கடிக்கும் எலிக்குத் தடுப்பு வலை போட்டார்கள். இரண்டுமே இந்தப் பக்கத்து அனுபவம் சேர்த்தது.

வம்சம் பிறந்த மெர்த்தர் ஆலையிலோ 2009 மார்ச்சோடு உற்பத்தி நின்றது. பெரிவேல் மாளிகையில் இப்போது சூப்பர் மார்க்கெட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பும்.

சேகரிக்க நினைத்தால்

சேகரிப்பு என்றதும் கண்ணாடி அலமாரி நினைவுக்கு வரும். இந்தக் கூட்டம் அப்படியில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற ஊரில் லீ மேக்ஸ்வெல் என்ற ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட துவைப்பு இயந்திரங்களைச் சேர்த்து அருங்காட்சியகமே வைத்தார். அங்கே பெரும்பாலானவை உருளை வைத்த பழைய காலத்தவை. ட்வின் டப்காரர்கள் பெரும்பாலும் வீட்டு ஷெட்டில் ஐந்தாறு வைத்துக்கொண்டு, முறை வைத்துத் துவைப்பவர்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஒருவர் வீட்டில் கூடும்போது அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போவதுண்டு. வாஷ் இன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

பிரிட்டிஷ் இயந்திரத்தை வாங்குகிறவர் பார்ப்பவை சில. துவைக்கும் தொட்டி எனாமலா, துருப்பிடிக்காத எஃகா. எனாமல் ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தால் அடியில் துரு பரவியிருக்கும். மின் ஒயரின் நிறம்: சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் 1970க்கு முந்தையது, பழுப்பும் நீலமும் என்றால் பிந்தையது, யாரும் நடுவில் மாற்றாமல் இருந்தால். மர இடுக்கியும் ரப்பர் விரிப்பும் கூடவே வந்தால் விலை ஏறும். பழைய இயந்திரத்தில் இன்றைய ஃப்ரண்ட் லோட் தூளைப் போடலாம். அன்றைய நுரைத்தூளைத் தேடிப் போட்டால் டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே நுரை அடைத்துச் சுழற்சியே மந்தமாகிவிடும். அசல் அனுபவம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் அதையும் அனுபவிக்கிறார்கள்.

இங்கே இப்படி ஒரு சேகரிப்பு தொடங்கினால் எதில் தொடங்கலாம்? 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த தகர உடம்பு மாடல்களும் பி.பி.எல். சான்யோவும் என்பேன். அவை காயலான் கடைக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மோட்டாரின் செம்புச் சுருளுக்கு விலை உண்டு, மற்றதெல்லாம் எடைக்கு. பழகிய மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொள்வது உத்தமம். டைமர், கெப்பாசிட்டர், பெல்ட், ஆயில் சீல் நான்கும் இன்றும் மார்க்கெட்டில் கிடைக்கின்றன. மாடல் எண்ணைச் சொன்னால் முழிப்பார்கள், பழசைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினால் ஒரு டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார்கள். சுழல் தட்டின் அடியில் ஆயில் சீல் கசிந்து மோட்டார் மேல் தண்ணீர் சொட்டிய தடம் இருக்கிறதா என்று இயந்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீசியனை வைத்துப் பார்த்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும். பல ஆண்டு ஓடாமல் கிடந்ததை வாங்கிய அன்றே ஓடவிடக் கூடாது. முதலில் கெப்பாசிட்டரை மாற்றுங்கள், பெல்ட்டை வளைத்து வெடிப்புப் பாருங்கள், டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

வாங்கும்போது வாரன்ட்டி அட்டையையும் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். கடை முத்திரையும் தேதியும் அதில்தான் இருக்கும். காயலான் கடைக்காரரிடம் சொல்லி வைப்பதானால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஒயரை வெட்டாமல் தர வேண்டும். அவர்கள் கத்தி முதலில் போகும் இடம் அதுதான்.